பள்ளி மூடியிருக்கும்போது வீட்டுக்குத் தரும் சத்துணவுப் பொருள்களின் தரம் எப்படி? பள்ளியில் போடும் சாப்பாட்டுக்கு அது ஈடாகுமா?

அரிசி பழுப்பாக இருக்கிறது, பருப்பில் வண்டு ஓடுகிறது என்ற கடுப்பில்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வண்டைப் பற்றிப் படலாம். ஆனால் உண்மையான இழப்பு பையில் இருப்பதில் இல்லை, பையில் இல்லாததில் இருக்கிறது.

முதலில் கணக்கு. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியதும் மார்ச் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதன்பின் தமிழ்நாட்டில் மே மாதத்துக்கு என்று உலர் பொருளாகத் தர முடிவானது: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 3.1 கிலோ அரிசி, 1.2 கிலோ பருப்பு. ஆறு முதல் எட்டு வரை 4.65 கிலோ அரிசி, 1.25 கிலோ பருப்பு. இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. மே மாதத்துக்கு 31 நாள். சின்னப் பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் அரிசி, பெரிய பிள்ளைக்கு 150 கிராம். பெருக்கிப் பாருங்கள், அப்படியே வரும்.

பருப்பில்தான் விஷயம். சின்னப் பிள்ளைக்கு நாளுக்கு ஏறக்குறைய 39 கிராம், பெரிய பிள்ளைக்கு 40 கிராம். மத்திய அளவுகோல் முறையே 20, 30 கிராம்தான், ஆக இரண்டு பேருக்கும் அளவுக்கு மேலேயே வந்தது. சின்னப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் வேண்டும். அரிசியும் பருப்பும் சேர்ந்தால் சுமார் 480 கலோரி, 16 கிராம் புரதம். தேர்ச்சி. பெரிய பிள்ளைக்கு 700 கலோரி, 20 கிராம் வேண்டும். புரதம் எட்டிவிடும், கலோரி 650ஐ ஒட்டி நின்றுவிடும். ஏழாம் வகுப்புப் பையனுக்கு மூன்றாம் வகுப்புத் தங்கையைவிட மாதத்துக்கு 50 கிராம் பருப்புதான் கூடுதல். இதை யாரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

"காகிதத்தில் தேர்ச்சி என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, பிறகென்ன குறை?" என்று ஒருவர் வருவார். வரட்டும். பள்ளியில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது வெறும் அரிசி பருப்பா? திங்கள் காய்கறி பிரியாணி, செவ்வாய் கொண்டைக்கடலை புலாவ், வெள்ளிக்கிழமை வறுத்த உருளைக்கிழங்கு, நாளுக்கொரு முட்டை என்று வாரம் ஐந்து. முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சரக்கு உண்டு: வைட்டமின் ஏ சேர்த்த பாமாயில், அயோடினோடு இரும்பும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு. உலர் பொருள் என்று வந்தபோது காய் இல்லை, எண்ணெய் இல்லை, உப்பு இல்லை. முட்டை முதலில் இல்லவே இல்லை, பிறகுதான் மாதம் பத்து என்று வந்தது. பள்ளி நடந்தால் மாதம் இருபதுக்குக் குறையாது. விறகோ கேஸோ வீட்டுச் செலவு. கேரளத்தில் அரிசியோடு பயறு, எண்ணெய், மசாலாப் பொருள் என்று கிட்டாகக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டுவது பெரிய வேலைதான், ஆனால் முடியாத வேலை இல்லை என்பதற்கு அது போதும்.

இன்னொன்று, உலையில் போட்ட பிறகு அது பிள்ளையின் அரிசி இல்லை, வீட்டு அரிசி. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் 3.1 கிலோ இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். பெற்றோரைக் குறை சொல்லவில்லை. பசியோடு இருக்கும் பாட்டிக்குப் போடாமல் பேத்திக்கு மட்டும் போடும் வீடு எங்கே இருக்கிறது? பள்ளியில் தட்டு பிள்ளையின் தட்டு, அதில் விழுவது அதன் வயிற்றுக்குத்தான் போகும்.

இனி தரம் பார்க்கும் முறை. புழுங்கல் அரிசி இயல்பிலேயே மஞ்சள் சாயலாக இருக்கும், பச்சரிசி மாதிரி வெள்ளையாக இராது. பார்க்க வேண்டியது நொய். அரசுக் கொள்முதல் அளவுகோலில் புழுங்கல் அரிசியில் 16 சதவீதம் வரை உடைந்த அரிசி இருக்கலாம், பச்சரிசியில் 25 வரை. முழு அரிசியின் முக்கால் நீளத்துக்குக் குறைந்தால்தான் அது உடைந்தது என்று கணக்கு. பலர் நூறு அரிசியை எண்ணி, "நாற்பது உடைசல்!" என்று படம் போடுகிறார்கள். அளவுகோல் எடையில், எண்ணிக்கையில் இல்லை. உடைசல் இலேசு என்பதால் எண்ணினால் எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும். வெள்ளைத் தட்டில் 100 கிராமைப் பரப்பி, உடைசலைத் தனியே பொறுக்கி, சமையலறைத் தராசில் வையுங்கள். 16 கிராமைத் தாண்டினால் பேசலாம்.

அடுத்தது ஈரம். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். மெத்தென்று நசுங்கினால் ஈரம் ஏறியிருக்கிறது. 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் போனால்தான் பூஞ்சை, கட்டி, மக்கிய வாடை எல்லாம் வரும். கட்டி கட்டியாக, பச்சை கறுப்புத் திட்டோடு இருந்தால் கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சை நஞ்சு கழுவினாலும் கொதித்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் பையைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். வண்டு நாலைந்து ஓடினால் அது வேறு கதை, முறத்தில் புடைத்து நிழலில் உலர்த்தினால் போய்விடும். பை அடியில் மாவு படிந்திருந்தால், அல்லது அரிசி நூலாம்படை கட்டியதுபோல் கொத்தாக ஒட்டியிருந்தால், அரிசியின் உள்ளைப் பூச்சி தின்றுவிட்டது. எடையும் போயிருக்கும், சத்தும் போயிருக்கும். உடைத்த துவரம்பருப்பில் துளை வண்டு அவ்வளவாக விழாது, முழுக் கடலையிலும் பச்சைப்பயறிலும்தான் விழும். எனவே கடலை கொடுத்தால் வாங்கியவுடன் ஒரு கைப்பிடி எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

சில நேரம் வரும் அரிசியில் கழுவும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும். உடனே பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸப்பில் கிளப்பிவிடுகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து எடுத்து, நூறுக்கு ஒன்று என்று கலக்கிறார்கள். அந்த ஒன்றைப் பொறுக்கி எறிந்தால் எறிவது சத்தைத்தான். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இன்னொன்று, கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள், அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள்.

எடைக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். சத்துணவு மையத்துக்கு வருவது 50 கிலோ சாக்கு. சணல் சாக்கின் எடை மட்டும் 580 கிராம். அதனால் சாக்கோடு நிறுத்தால் 50.580 காட்ட வேண்டும். நேராக 50 காட்டினால், இறங்கும்போதே அரைக்கிலோவுக்கு மேல் குறைவு. இப்போது அதைப் பிரியுங்கள். 3.1 கிலோ வீதம் பதினாறு பிள்ளைக்குப் போட்டால் 49.6 கிலோ, 400 கிராம் மீதி. சிந்திச் சிதறுவதற்கு இருக்கிற இடம் அவ்வளவுதான். சாக்கு 580 கிராம் குறைவாக வந்திருந்தால் பதினைந்து பேருக்குச் சரியாகப் போட்டபின் பதினாறாவது பிள்ளைக்கு 2.92 கிலோதான் இருக்கும். அந்தப் பிள்ளையின் அம்மா வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மையத்தை நடத்தும் அமைப்பாளரைத் திருடி என்பார். குறை இறங்கிய இடத்தில், திட்டு அளந்த இடத்தில். தராசு இல்லாமல் படியால் அளந்தால் இன்னும் மோசம். தலைகட்டி அளப்பதற்கும் தட்டி அளப்பதற்கும் நூறு கிராம் போய்விடும், முதலில் வந்தவருக்குக் கூட, கடைசியில் வந்தவருக்குக் குறைய.

அமைப்பாளர் எல்லாருமே உத்தமர் என்று நான் சொல்லவில்லை, கல்லை எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர் என்று மூன்று பேர், அதிலும் பல மையங்களில் ஓரிடம் காலி, நூற்றுக்கணக்கான பைகளை நிறுத்துக் கட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லிவிடுகிறேன்: இவர்கள் மற்ற அரசு ஊழியருக்கு உள்ளதுபோல் காலமுறை ஊதியம் கேட்டு எத்தனை வருடமாகத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்! 1982இல் தொடங்கிய திட்டத்தின் பெருமையை மேடைக்கு மேடை பேசுகிறோம், அடுப்பு ஊதுகிற கைக்கு மட்டும் அந்த ஊதியம் இல்லை.

பொருளுக்குப் பதில் பணம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். 2021 மே மாதம் மத்திய அரசு 11.8 கோடி பிள்ளைகளுக்கு மொத்தம் 1,200 கோடி ரூபாய், ஒரே தடவை வங்கிக் கணக்கில் போடுவதாக அறிவித்தது. தலைக்குச் சுமார் 100 ரூபாய். சமையல் செலவாக அப்போது ஒதுக்கியது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 4.97 ரூபாய், நடுநிலைப் பிள்ளைக்கு 7.45. அந்த 100 ரூபாய் சின்னவனுக்கு இருபது நாள், பெரியவனுக்குப் பதின்மூன்று நாள். பள்ளி மூடிக் கிடந்ததோ ஒரு வருடத்துக்கு மேல்.

பொருள் கட்டிக் கொடுப்பது நம் ஊரில் மட்டும் சறுக்கவில்லை. இங்கிலாந்தில் 2021 ஜனவரியில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு வந்த பார்சலைத் தரையில் பரப்பிப் படம் போட்டார்: ஒரு ரொட்டி, ஒரு டின் பீன்ஸ், இரண்டு உருளை, இரண்டு கேரட், சில பழங்கள், சீஸ் துண்டுகள். நாடே கொதித்தது. அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. கட்டுவதும் கொண்டு சேர்ப்பதும் பணத்தைத் தின்றுவிட்டு மிச்சம்தான் பையில் விழுந்தது. வாரத்துக்கு 15 பவுண்டு வவுச்சரை மறுபடி திறந்துவிட்டார்கள். நம் ஊருக்கு வவுச்சர் சரிவராது என்பது என் எண்ணம். பாதிப் பையும் பாதிப் பணமும் சரிவரலாம்: அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, முட்டை பொருளாக, காய்க்கு மட்டும் பணம்.

இலவசமாகக் கிடைப்பதில் இத்தனை நொட்டையா என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது உரிமை. பள்ளி நாளில் சாப்பாடு போடாவிட்டால் அதற்கு ஈடாகத் தானியமும் சமையல் செலவும் சேர்ந்த உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்று 2015 மதிய உணவு விதிகளே சொல்கின்றன.

இன்று பள்ளி மூடினால் 2020ஐவிட அடி பெரிது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ சேமியாவோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய். மூடினால் ஒரு வேளை போகாது, இரண்டு வேளை போகும்.

பத்து முட்டையை ஒன்றாக வாங்கி வந்தால் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேல் உள்ள பூச்சு போய்விட்டால் சீக்கிரம் கெடும். அழுக்கு இருந்தால் ஈரத்துணியால் சமைக்கும் முன் துடையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் மண்பானையில் உமி போட்டு, நம் வெயிலுக்குப் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரில் போட்டால் படுத்திருப்பது புதிது, குத்திட்டு நிற்பதை அன்றைக்கே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், மிதப்பதை எறியுங்கள்.

புகார் என்றால் இப்படிச் செய்யுங்கள். மையத்தை விட்டு வெளியே வருமுன் அங்குள்ள தராசிலேயே உங்கள் பையை நிறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லும் குறைக்கு மதிப்பில்லை. கெட்டிருந்தால் கால் கிலோவைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள், சாக்கின் மேல் தைத்த சீட்டைப் படம் எடுங்கள். ஆலை, மாதம் எல்லாம் அதில்தான் இருக்கும். கிராமமென்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவு, அதற்கு மேல் மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு). நகரமென்றால் நகராட்சி, மாநகராட்சி ஆணையர். தலைமை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அரிசி அவர் வாங்குவது இல்லை.