என்சான்டட் ராக் ஏறப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

லீவு வந்தாலே டெக்சாஸ்ல இருக்கற நம்மாளுங்க பாதி பேர் என்சான்டட் ராக் போலாமான்னு கேக்க ஆரம்பிச்சிடுவீங்க. அதான், ஸ்டேட் பார்க்குக்குள்ள இருக்கற பெரிய மொட்டைப் பாறை மலை. தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதனால வந்த கேள்வி எல்லாத்தையும் ஒண்ணா போட்டு இங்கயே பதில் சொல்லிடறேன். நான் ஆஸ்டின்ல இருக்கேன், அந்தப் பாறை எனக்கு பக்கத்து வீடு மாதிரி.

அக்கா, மேல போற வழி ஒரு மைல்கூட இல்லையாமே? அதுக்காக டல்லாஸ்ல இருந்து நாலு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டிட்டு வரணுமா?

தூரம் கம்மிதான், ஆனா அந்தக் கொஞ்ச தூரத்துலயே 425 அடி ஏறிடுவீங்க. பார்க் காரங்களே 30, 40 மாடி கட்டடத்துக்கு படி ஏறற கணக்குன்னுதான் சொல்றாங்க. கீழ கொஞ்ச தூரம் மண் பாதை, கல் படி எல்லாம் இருக்கும், அப்புறம் மரம் கிடையாது, கைப்பிடி கிடையாது, வெறும் இளஞ்சிவப்பு கிரானைட், அது மேல நீங்க. உச்சி கடல் மட்டத்துல இருந்து 1825 அடி, சுத்தி ஹில் கன்ட்ரின்னு சொல்ற குன்றுப் பகுதி மொத்தமும் தெரியும். மெதுவா ஏறினாலும் ஒரு மணி நேரத்துல மேல போயிடலாம். ஆனா ஒரே நாள்ல வந்துட்டு திரும்பணும்னா டல்லாஸ்காரங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், பக்கத்து ஊரான பிரெட்ரிக்ஸ்பர்க்ல ஒரு ராத்திரி தங்குங்க, அங்கிருந்து 17, 18 மைல்தான்.

நாங்க திருச்சி பக்கம். மலைக்கோட்டை ஏறின ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?

மலைக்கோட்டை 83 மீட்டர், இது 130 மீட்டர் சார். அங்க படி இருக்கு, பாதி வழில தாயுமானவரைப் பாத்துட்டு உக்காந்து மூச்சு வாங்கலாம், நிழல் இருக்கு. இங்க கீழ இருக்கற கொஞ்சம் கல் படியைத் தாண்டினா படியும் இல்ல நிழலும் இல்ல. ஏறிடுவீங்க, அதுல சந்தேகம் இல்ல, வெயில்தான் ஆளை சாய்க்கும்.

ரிசர்வேஷன் கண்டிப்பா வேணுமா? ஸ்டேட் பார்க்ஸ் பாஸ் வெச்சிருக்கோம், நேரா போனா விட மாட்டாங்களா?

பாஸ் வெச்சிருந்தா நுழைவுக் கட்டணம் கிடையாது, உங்க வண்டில வர்ற மத்தவங்களுக்கும் சேத்துதான், ஆனா பாஸ் இருக்கறதால இடம் இருக்குன்னு அர்த்தம் இல்ல. அந்த ஒரு நாளுக்கான ரிசர்வேஷனை, டே பாஸ்னு சொல்லுவாங்க, 30 நாள் முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கலாம், வசந்த காலத்துலயும் அக்டோபர் நவம்பர்லயும் சனி ஞாயிறுக்கு சீக்கிரமே தீந்துடும். பார்க்கிங் நிறைஞ்சா கேட்டை மூடிடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க ஹூஸ்டன்ல இருந்து வந்தீங்களா அலாஸ்கால இருந்து வந்தீங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க. 12 வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கு கட்டணம் இல்ல, ஆனா புக் பண்ணும்போது அவங்களையும் கணக்குல சேருங்க. புக்கிங் மெயிலை போன்ல இறக்கி வெச்சுக்கோங்க, அந்தப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டு போலாமா மேடம்?

அப்பா தினமும் வாக்கிங் போறவர்னா தாராளமா வரட்டும். அம்மா விஷயத்துல ஏறறதை விட இறங்கறதுதான் பிரச்சனை, சரிவுல உடம்பு வெயிட் மொத்தமும் முட்டிலதான் விழும். வாக்கிங் ஸ்டிக் ரெண்டு குடுங்க, நேரா இறங்காம குறுக்க குறுக்க நடந்து இறங்க சொல்லுங்க. இதைவிட நல்ல யோசனை, பாதி உயரம் வரைக்கும் போயிட்டு நல்ல இடமா பாத்து உக்காருங்க, அங்கிருந்தே சாண்டி க்ரீக் ஓடையும் எதிர்ல இருக்கற காடும் தெரியும். நம்ம ஊர்ல மலைன்னா உச்சில சாமி இருக்கும், தொட்டுட்டு வரணும்னு ஒரு பழக்கம், இங்க அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்ல. அதுவும் முடியாதுன்னா கீழயே பிக்னிக் டேபிள் இருக்கு, அம்மாவை தனியா விடாம யாராவது ஒருத்தர் கூட இருங்க.

எந்த மாசம் பெஸ்ட்?

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும், அதுலயும் வார நாள். மார்ச் கடைசி ஏப்ரல்ல வழி நெடுக ப்ளூபானெட்னு நீலக் காட்டுப்பூ பூத்திருக்கும், கூட்டமும் பூத்திருக்கும். ஜூலை ஆகஸ்ட் பகல்ல தயவு செஞ்சு வேணாம், வெயில் 100 டிகிரி அடிக்கும்போது பாறை கீழ இருந்தும் வறுக்கும். சம்மர்லதான் வர முடியும்னா காலைல கேட் திறந்த உடனே ஏறி வெயில் ஏறறதுக்குள்ள இறங்கிடுங்க. சாயங்காலம் சூரியன் மறையறதை மேல இருந்து பாக்கறது அருமையா இருக்கும், ஆனா மறைஞ்சு அரை மணி நேரத்துல உச்சிக்குப் போற சம்மிட் ட்ரெயிலை மூடிடுவாங்க, டார்ச் எடுத்துட்டுப் போங்க.

சாதாரண செருப்பு போட்டுட்டு ஏறலாமா? நான் பழனி வெறுங்கால்லயே ஏறுவேன்.

வேணாம் அண்ணா. கிரானைட் காஞ்சு இருந்தா நல்லா பிடிக்கும், சாதா ஸ்போர்ட்ஸ் ஷூவே போதும், அடி தேஞ்ச ஷூவா மட்டும் இருக்கக் கூடாது. ஆனா பாறை மேல பச்சையும் ஆரஞ்சுமா திட்டு திட்டா பாசி மாதிரி படிஞ்சிருக்கும் பாருங்க, லைக்கன், மழை பெஞ்சா அது வழுக்கும். மழை நாள்ல ஏறாதீங்க, இடி சத்தம் கேட்டா எங்க இருக்கீங்களோ அங்கயே திரும்பிடுங்க, அந்த மொட்டைப் பாறை மேல ஒசரமா நிக்கறது நீங்க மட்டும்தான்.

மேல குட்டி குட்டியா குளம் இருக்கு, பசங்க இறங்கி விளையாடலாமா? எங்க நாய் ரொம்ப சாது, அதையும் கூட்டிட்டு போலாமா?

ரெண்டுக்கும் சேத்து ஒரே பதில், கூடாது. கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் அதை வெறும் மழைத்தண்ணி தேங்கின குழின்னு நினைச்சு ஷூவோட மிதிச்சுட்டுப் போறாங்க. பாறை கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு பள்ளம் விழுது, அதுல மழைத்தண்ணி நிக்குது, வெர்னல் பூல்னு சொல்லுவாங்க. அந்தத் தண்ணில ஃபேரி ஷ்ரிம்ப்னு கண்ணாடி மாதிரி பொடிசா ஒரு உயிர் இருக்கு. தண்ணி வத்திப் போனாலும் அதோட முட்டை காஞ்ச மண்ணோட மண்ணா கிடக்கும், வெயில் குளிர் எல்லாத்தையும் தாங்கி அடுத்த மழைக்குப் பொரிச்சு, குளம் காயறதுக்குள்ள முட்டை போட்டுட்டு செத்துடும். ராக் குவில்வார்ட்னு ஒரு அபூர்வமான செடியும் அங்க வளருது, பாத்தா சாதாரண புல்லுன்னுதான் நினைப்பீங்க. குளம் காஞ்சிருக்கும்போது மிதிச்சாலும் முட்டையை நசுக்கறதுதான். கொஞ்சம் தள்ளிப் பாத்தா பழைய குளங்கள் மண் சேந்து, புல் வந்து, சில இடத்துல ஓக் மரமே வந்திருக்கும். வெறும் பாறைல மரம் முளைச்சது எப்படின்னு பசங்களுக்கு அங்கயே காட்டலாம், எந்த பாடப் புத்தகத்தை விடவும் நல்லா புரியும். நாய்க்கு பாறையைச் சுத்தி வர்ற லூப் ட்ரெயில் இருக்கு, கயிறு கட்டி கூட்டிட்டுப் போங்க, சம்மிட்டுக்கு அனுமதி இல்ல.

பாறை ஏன் இப்படி மொட்டையா உருண்டையா இருக்கு? யாராவது செதுக்கின மாதிரி இருக்கே.

சுமார் 100 கோடி வருஷம் முன்னாடி பூமிக்கு அடில உருகின குழம்பு மேல வர முடியாம ஆழத்துலயே ஆறி இறுகினதுதான் இந்த கிரானைட். நீங்க பாக்கறது அதோட நுனி மட்டும்தான், மிச்சம் பல சதுர மைலுக்கு நிலத்துக்கு அடில இருக்கு. மேல மூடியிருந்த பாறை எல்லாம் காலப்போக்குல கரைஞ்சு போனதும் இத்தனை நாள் அமுக்கிட்டு இருந்த பாரம் குறையுது, உள்ள இருக்கற பாறை லேசா விரிஞ்சு தகடு தகடா உரியுது. முனை எல்லாம் உதிர்ந்து போய் வளைவு மட்டும் மிஞ்சும். ஏறும்போது பாருங்க, உரிஞ்ச தகடு பெரிய பெரிய பலகையா சரிவுல கிடக்கும்.

ராத்திரி பாறைல இருந்து சத்தம் வரும், பேய் நெருப்பு தெரியும்னு சொல்றாங்களே?

அதான் பேரே என்சான்டட், மந்திரம் போட்டதுன்னு அர்த்தம். இந்த மண்ணோட பூர்வகுடிகளான டோன்காவா மக்கள் உச்சில பேய் நெருப்பு எரியறதா நம்பினாங்க, முனகற சத்தம் கேக்குதுன்னும் சொன்னாங்க. பகல் முழுக்க சூடேறின பாறை ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது கிறீச்சிடும், ஈரமான பாறைல நிலா வெளிச்சம் பட்டா மினுங்கும், விஞ்ஞான விளக்கம் இதுதான். எனக்கு பேய் நம்பிக்கை இல்ல, இருந்தாலும் கேம்ப் போட்டு தங்குங்கன்னு கண்டிப்பா சொல்லுவேன், ஏன்னா அது டார்க் ஸ்கை பார்க், அதாவது ராத்திரி இருட்டைக் கெடுக்காம பாதுகாக்கற பார்க், நிலா இல்லாத ராத்திரில வானத்தைப் பாத்தா ஆஸ்டின் வானம் வெறுத்துப் போயிடும். டென்ட் மட்டும்தான், சாமானை நீங்களே தூக்கிட்டு நடக்கணும், ஆர்வி வண்டிக்கு இடம் கிடையாது.

திரும்பி வரும்போது வழி தப்பிடுமாமே, நிஜமா?

நிஜம்தான். மொட்டைப் பாறைல பாதைன்னு தனியா ஒண்ணும் தெரியாது, உச்சில நாலா பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பேசிட்டே இறங்கி பின்பக்கம் எக்கோ கேன்யன்ங்கற பள்ளத்தாக்கு பக்கம் போயிடறவங்க உண்டு. மேல போய் சேந்த உடனே செல்ஃபிக்கு முன்னாடி பார்க்கிங் லாட் எந்தப் பக்கம்னு ஒரு தடவை பாத்து வெச்சுக்கோங்க. நேரமும் தெம்பும் இருந்தா கேன்யன் வழியாவே இறங்கி மாஸ் லேக் பாத்துட்டு சுத்தி வாங்க. அந்த ஏரில பாறையோட நிழல் விழறது உச்சில இருந்து தெரியற காட்சியை விட அழகுன்னு நான் சொல்லுவேன், வீட்ல யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

சாப்பாடு? தண்ணி? பாத்ரூம்?

பாத்ரூம் கீழதான், போயிட்டு ஏறுங்க. ட்ரெயில்ல தண்ணி கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டராவது கைல இருக்கட்டும், வெயில் நாள்னா ரெண்டு. பார்க்ல சாப்பாட்டுக் கடை கிடையாது, புளியோதரை கட்டிட்டு வந்து இறங்கினப்புறம் சாப்பிடுங்க, குப்பையை உங்களோடயே எடுத்துட்டுப் போங்க. மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும் வந்தா பிரெட்ரிக்ஸ்பர்க் ரோட்டோரத்துல பீச் பழம் விப்பாங்க, விடாதீங்க. பசங்க ஓரத்துல இருக்கற சப்பாத்திக் கள்ளில கை வைக்காம பாத்துக்கோங்க, அந்தப் பொடி முள்ளை எடுக்கறதுக்குள்ள உங்களுக்கு அழுகை வந்துடும்.

ஞாபகத்துக்கு ஒரு சின்ன கல்லு எடுத்துட்டு வரலாமா அக்கா? கொலுவுல வைக்க.

கூடாதும்மா, ஸ்டேட் பார்க்ல கல்லு, செடி, பூ எதையும் எடுக்கக் கூடாது. அந்தக் கல்லு மேல அவ்வளவு ஆசைன்னா ஆஸ்டின்ல கேப்பிட்டல் கட்டடத்துக்கு, அதான் டெக்சாஸ் சட்டசபைக் கட்டடத்துக்குப் போங்க. 1888ல கட்டி முடிச்சது, வெளிச் சுவர் முழுக்க மார்பிள் ஃபால்ஸ்ங்கற ஊர்ல வெட்டின சிவப்பு கிரானைட், இதே வகைப் பாறைதான். உள்ள போக டிக்கெட்டும் இல்ல ரிசர்வேஷனும் இல்ல, எவ்வளவு நேரம் வேணா தடவிப் பாத்துட்டு வாங்க.