பிரான்சின் வலதுசாரித் தலைவர்களில், பிரதமராகவோ அதிபராகவோ ஆகாமலேயே ஆழமான தடம் பதித்தவர் யார்?

என் பதில் பிலிப் செகேன். பிரான்ஸ் வலதுசாரிகள் என்றால் முன்னாள் அதிபர்கள் சிராக், சர்கோசி, தீவிர வலதுசாரி லெ பென் குடும்பம் என்றுதான் பேச்சு போகும். செகேனைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1943-இல் துனிஸ் நகரில் பிறந்தவர். அப்போது துனீசியா பிரான்சின் பிடியில் இருந்தது. மறு வருடமே அப்பா போர்முனையில் இறந்துவிட, ஆசிரியையான அம்மாதான் வளர்த்தார். உயர் அதிகாரிகளை உருவாக்கும் ஈ.என்.ஏ. கல்லூரியில் படித்து முடித்ததும், அரசின் வரவு செலவைச் சரிபார்க்கும் தணிக்கை நீதிமன்றத்தில் 1970-இல் சேர்ந்தார். 1978-இல் வோஜ் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். முன்னாள் அதிபர் டி கோல் வழியில் வந்த, சிராக் தலைமையிலான ஆர்.பி.ஆர். அவருடைய கட்சி. 1983 முதல் 1997 வரை எபினால் நகரத்துக்கு அவர்தான் மேயர்.

1981-இல் இடதுசாரி அரசு மரண தண்டனையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. மக்களில் பெரும்பாலோர் தண்டனை இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள், வலதுசாரி எம்.பி.க்களில் பெரும்பாலோரும் மசோதாவை எதிர்த்தார்கள். செகேன் ஆதரித்து வாக்களித்தார். சிராக்கும் இளம் எம்.பி. பிரான்சுவா பியோனும் அப்படியே செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே செகேன் 1986-இல் தொழிலாளர் நலம் உள்ளிட்ட சமூக விவகாரங்களுக்கு அமைச்சரானதும், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவை என்ற விதியை நீக்கினார். அந்த முடிவு எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

அவருடைய வாழ்க்கையின் உச்சம் 1992. யூரோ நாணயத்துக்கு வழிவகுத்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அந்த வருடம்தான் விவாதத்துக்கு வந்தது. மே 5-ஆம் தேதி இரவு நாடாளுமன்ற மேடையில் ஏறிய செகேன் இரண்டரை மணி நேரம் பேசினார். கனத்த உடம்பு, கனத்த குரல். அவர் வாதம் இதுதான்: நாணயத்தை வெளியிடும் உரிமையை, யாருடைய ஓட்டுக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு மத்திய வங்கியிடம் கொடுத்துவிட்டால், அப்புறம் மக்கள் எந்த அரசைத் தேர்ந்தெடுத்தாலும் பொருளாதாரப் பாதையை மாற்ற முடியாது. இறையாண்மையைத் துண்டு போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. 1992 என்பது 1789-க்கு நேர் எதிரானது என்றே சொன்னார். மக்களை ஆட்சியின் உரிமையாளர்களாக்கியது பிரெஞ்சுப் புரட்சி, அந்த உரிமையைத்தான் இந்த ஒப்பந்தம் பறிக்கிறது என்று அவர் கருதினார். ஒப்பந்தத்துக்கு எதிரான அவருடைய தீர்மானத்துக்கு 101 ஓட்டுதான் கிடைத்தது. ஆனால் அது வரை அதிகாரிகள் மட்டத்தில் நடந்துகொண்டிருந்த பேச்சு அன்றிரவு நாட்டு மக்களின் விவாதமாக மாறியது.

டென்மார்க் மக்கள் ஒப்பந்தத்தை நிராகரித்ததும் அதிபர் மித்தரான் பிரான்சிலும் பொது வாக்கெடுப்பு அறிவித்தார். சிராக் 'ஆம்' பக்கம் போய்விட்டார். தலைவரை மீறி, கட்சியின் இன்னொரு மூத்த தலைவர் பாஸ்குவாவோடு சேர்ந்து 'இல்லை' என்று ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார் செகேன். செப்டம்பர் 3-ஆம் தேதி சோர்போன் பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் அவரும் மித்தரானும் தொலைக்காட்சி விவாதத்தில் நேருக்கு நேர் மோதினார்கள். மித்தரானுக்கு வயது 75. புற்றுநோயோடுதான் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த சில நாட்களில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான் விஷயம் நாட்டுக்குத் தெரிந்தது. முன்கோபத்துக்குப் பேர்போன செகேன் அன்று குரலை உயர்த்தவே இல்லை. எதிரே இருப்பவர் குடியரசுத் தலைவர் என்ற மரியாதையோடு, அளந்து அளந்து பேசினார். கிடைத்த வாய்ப்பைக் கோட்டை விட்டுவிட்டார் என்று சொந்த முகாமிலேயே பலர் வருத்தப்பட்டார்கள். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது அந்த இரவால்தான். எதிராளி தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து அடிப்பது சாமர்த்தியம் என்று கருதாத அரசியல்வாதிகள் அபூர்வம். ஒப்பந்தம் 51.04 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. 2005-இல் ஐரோப்பிய அரசியல் சாசனத்தைப் பிரெஞ்சு மக்கள் 54.67 சதவீத ஓட்டுகளோடு நிராகரித்தபோது, 'இல்லை' முகாமில் கேட்ட வாதங்களில் பல இவர் 1992-இல் முன்வைத்தவை.

1993-இல் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சட்டமன்றத்தின் தலைவரானார். 1995 அதிபர் தேர்தலில், கட்சியின் பெரும்புள்ளிகள் பலர், அதே கட்சியிலிருந்து போட்டியிட்ட அப்போதைய பிரதமர் பலதூர் பக்கம் சாய்ந்த நேரத்தில் சிராக்கோடு நின்றார். சமூகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்ற சிராக்கின் பிரச்சாரத்தில் செகேனின் சிந்தனை தெளிவாகத் தெரிந்தது. வெற்றி கிடைத்ததும் பிரதமர் பதவி அலன் ஜுப்பேவுக்குப் போனது. சிராக் செய்தது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சறுக்கல்தான். 1997-இல் கட்சித் தலைவரானார். 1999-இல் ஐரோப்பியத் தேர்தல் நெருங்கும் வேளையில், சிராக்கோடு ஒத்துப்போகாமல் திடீரென ராஜினாமா செய்தார். 2001-இல் பாரீஸ் மேயர் தேர்தலில் நின்றார். கட்சியிலிருந்து விலக்கப்பட்ட நடப்பு மேயர் திபெரி தனி அணி இறக்கியதில் வலதுசாரி ஓட்டு பிரிந்து, நகரம் சோஷலிஸ்டுகளிடம் போனது. தான் நின்ற 18-ஆம் வட்டாரத்திலும் தோற்றார்.

2004-இல், வேலையைத் தொடங்கிய அதே தணிக்கை நீதிமன்றத்துக்குத் தலைவராகத் திரும்பினார். அந்த அமைப்பின் அறிக்கைகள் அவர் காலத்தில் முன்னைவிட அதிகமாகப் பேசப்பட்டன. 2009-இல், வரலாற்றிலேயே முதன்முறையாக அதிபர் மாளிகையின் கணக்குகளைத் தணிக்கை செய்து அறிக்கை வெளியிட்டார்கள். தணிக்கைக்குக் கணக்கைத் திறந்து கொடுத்தது அப்போதைய அதிபர் சர்கோசி. கருத்துக்கணிப்புக்காக ஒரு நிறுவனத்துக்கு டெண்டரே இல்லாமல் பெரும் தொகை போனதை அறிக்கை வெளியே கொண்டுவந்தது. சர்கோசியின் சொந்தச் செலவுகளில் சுமார் 14,000 யூரோ அரசுக் கணக்கில் ஏறியிருந்ததும் தெரியவந்தது. அந்தத் தொகையை அவர் திருப்பிக் கட்டினார். ஆட்சியில் இருந்தது செகேன் வளர்ந்த அதே அரசியல் முகாம். பிரதமர் நாற்காலியில் இருந்தது அவருடைய பழைய சீடர் பியோன். இருந்தும் அறிக்கையில் ஒரு வரியும் மழுப்பப்படவில்லை.

2010 ஜனவரி 7-ஆம் தேதி, அந்தப் பதவியில் இருக்கும்போதே, 66 வயதில் மாரடைப்பால் இறந்தார்.