அம்மா ஏன் பாடுவதில்லை?

கேள்வி: நான் கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்தில் எனக்குத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆங்கிலச் சபையில் சேர்ந்து, தண்ணீரில் முழுவதுமாக மூழ்கி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். இரட்சிப்பு என்றால் என்னவென்று அங்கேதான் புரிந்தது. அப்பா தவறிய பிறகு அம்மா (72) செராஸில் எங்களோடு இருக்கிறார். பழைய ஆலயத்தில் ஆராதனை 8.30-க்கு, எங்களுக்கு 11-க்கு. அம்மாவும் இப்போது எங்கள் சபைக்கே வருகிறார். பாடுவதில்லை, சும்மா நிற்பார், மற்றபடி பிரச்சினை இல்லை. ஆனால் முழுக்கு எடுக்க மட்டும் மாட்டேன் என்கிறார். எந்த வசனங்களைக் காட்டினால் மனம் மாறுவார்?

பதில்: வசனம் கேட்டு வரும் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை தம்பி. பெற்றவர்களை மடக்க வசனம் தேடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கேட்ட பட்டியலை நான் தரப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. "பாடுவதில்லை, சும்மா நிற்பார், மற்றபடி பிரச்சினை இல்லை."

மற்றபடியா? வாழ்நாள் முழுக்க ஞாயிறு தவறாமல் கீர்த்தனையும் ஞானப்பாட்டும் பாடிய ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கிறாரே, அதைவிடப் பெரிய பிரச்சினை உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? அவர் ஏன் உங்கள் சபைக்கு வருகிறார் என்று யோசித்தீர்களா? மனம் மாறி வருகிறார் என்று நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்கள். கார் அங்கேதான் போகிறது, அதனால் வருகிறார். செராஸிலிருந்து செந்தூலுக்குத் தனியாக கிராப் டாக்ஸி பிடித்துப் போகத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கலாம். பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிற தலைமுறை அது, வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். 8.30, 11 என்று நேரத்தை நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை அங்கே இறக்கிவிட்டு, ஆராதனை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வந்தாலும் உங்கள் சபைக்கு நேரத்தோடு போய்விடலாம். ஞாயிறு காலையில் செந்தூல் ரோட்டில் என்ன ஜாம் இருக்கப்போகிறது?

பவுல் 1 கொரிந்தியர் 14-ல் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீ சொல்வது புரியாதவன் உன் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்வான் என்கிறார். அவர் அங்கே பேசுவது அந்நிய பாஷை வரத்தைப் பற்றித்தான், அதாவது ஆவியின் ஏவுதலால் பேசும், கேட்பவர்களுக்குப் புரியாத மொழியைப் பற்றி. ஆனாலும் திரையில் ஓடும் ஆங்கில வரிகளுக்கு முன்னால் உங்கள் அம்மா நிற்கும் நிலையும் அதேதான்.

சபை மாறியதை நான் குறை சொல்லவில்லை. தமிழில் சரளமாக வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் ஆங்கில ஆராதனையைத் தேடிப் போவது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. டிரம்ஸ், கிதார் எல்லாம் பாவம் என்று பெரியவர்கள் சொன்னால் அவர்களையும் நான் திட்டுவேன், ஏனென்றால் 150-ம் சங்கீதத்திலேயே எக்காளம், யாழ், கைத்தாளம், நடனம் எல்லாம் இருக்கிறது. பெரியவர்கள் பாரம்பரியம் என்று கட்டிக்காக்கும் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையில் எழுதித்தான் அது நம் ஆலயங்களுக்குள் வந்தது. உங்கள் பாட்டு உங்களுக்கு, அம்மாவின் பாட்டு அம்மாவுக்கு.

இனி இரட்சிப்புக்கு வருவோம். முழுக்கு எடுப்பவர்களுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லாமல் இல்லை. ரோமர் 6-ல் பவுல் ஞானஸ்நானத்தை அடக்கம்பண்ணப்படுவதற்கு ஒப்பிடுகிறார், அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரில் இறங்குகிறான். சரி. ஆனால் அப்போஸ்தலர் 16-ல் பிலிப்பி சிறைக்காரனும் அவன் வீட்டார் அனைவரும் அந்த ராத்திரியிலேயே ஞானஸ்நானம் பெற்றார்களே, எவ்வளவு தண்ணீரில் என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. மெதடிஸ்டுகள் தெளிப்பதையும் ஊற்றுவதையும் முழுக்கையும் ஏற்கிறார்கள், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பக் கொடுப்பதில்லை. எபேசியர் 4:5 "ஒரே ஞானஸ்நானம்" என்கிறதே, அதை வைத்துத்தான் அம்மா மாட்டேன் என்கிறார் என்று நினைக்கிறேன். அது பிடிவாதம் இல்லை, விசுவாசம். எபேசியர் 2:8 கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளனை எந்தத் தொட்டியிலும் முக்கவில்லை, அன்றைக்கே பரதீசு கிடைத்தது. இதையெல்லாம் படித்த நீங்கள், உங்களைக் கையைப் பிடித்து ஆலயத்துக்குக் கூட்டிப்போன அம்மாவிடம் இரட்சிப்பு இல்லை என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

வசனம்தான் வேண்டும் என்றால் இரண்டு தருகிறேன், இரண்டும் உங்களுக்கு. 1 தீமோத்தேயு 5:8, தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது. மாற்கு 7-ல், தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசுவே கண்டிக்கிறார். மகன் சபைக்குப் போகிற அவசரத்தில் தாய் தன் ஆலயத்தை இழப்பதும் எனக்குக் கொர்பானாகத்தான் தெரிகிறது. சோறு போட்டு மருந்து வாங்கிக் கொடுத்தால் பெற்றவளைப் பார்த்துக்கொண்டதாக ஆகிவிடாது தம்பி. அவர் கும்பிடுகிற இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் மகன் கடமைதான்.

வரும் சனிக்கிழமை ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், காலையில் ஏழரைக்குக் கிளம்பலாம் என்று. வேண்டாம்ப்பா, உனக்கு எதுக்குச் சிரமம் என்பார். அதைக் கேட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் போதகரிடமும் பேசி, அம்மாவை முழுக்குக்கு யாரும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். என்றைக்காவது அவராகவே கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.