வங்கதேசம் முன்னேறியதற்கு அங்கே இளைஞர்கள் அதிகம் இருந்ததுதான் காரணமா? மற்ற ஏழை நாடுகளும் அப்படி வர முடியுமா?

இளைஞர் கூட்டம் மட்டும் போதுமென்றால் நைஜர் இந்நேரம் செழித்திருக்க வேண்டும். அங்கே மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். சம்பாதிக்கிற வயதில் ஒருவர் இருந்தால், அவர் கையை எதிர்பார்த்து எத்தனை பேர் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிறப்பு குறையாமல் அந்தக் கணக்கு மாறாது.

வங்கதேசத்தில் 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6க்கு மேல் குழந்தைகள். 2011இல் அது 2.3. இது வறுமை குறைந்த பிறகு தானாக வந்த மாற்றம் இல்லை. நாடு ஏழையாக இருந்தபோதே தொடங்கிவிட்டது. எப்படி என்பதற்கு மத்லப் வட்டாரம் நல்ல பாடம். 1975இல் அங்கே கருத்தடை மாத்திரையையும் ஆணுறையையும் வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத வயதான பெண்கள். முதலில் பலரும் வாங்கினார்கள், தலைசுற்றலும் ரத்தப்போக்கும் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 1977இல் ஏற்பாட்டையே மாற்றினார்கள். ஏழெட்டு வகுப்பு படித்த, திருமணமான, தாங்களே கருத்தடை முறை பயன்படுத்துகிற உள்ளூர் இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வீட்டுக்குப் போக வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஊசி, அதுவும் சரிவரவில்லையென்றால் வேறு முறை. ஒன்றிரண்டு ஆண்டிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தம்பதியர் கருத்தடைக்கு வந்தார்கள். வீட்டுப் பெண்கள் தனியாக வெளியே போக முடியாத சமூகத்தில், மருத்துவமனை கட்டிவிட்டுக் காத்திருந்தால் இது நடந்திருக்காது. பின்னர் அரசும் 20,000க்கு மேற்பட்ட பெண் களப்பணியாளர்களை நாடு முழுக்க அனுப்பியது.

1994இல் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை வந்தது. நிபந்தனைகள் மூன்று: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், பத்தாம் வகுப்புத் தேர்வு வரை திருமணம் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். திருமண வயதை அது எதிர்பார்த்த அளவு உயர்த்தவில்லை. இன்றும் ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு 18க்கு முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது.

அடுத்தது வேலை. 1979இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச ஆடை நிறுவனம் தன் ஆட்கள் 130 பேரை தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகிச் சொந்தமாகவோ பிற முதலாளிகளோடோ ஆலை தொடங்கினார்கள், தொழில் பரவியது அப்படித்தான். ஆலை தொடங்க மூலதனம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டு வாங்குபவர் கொடுத்த எல்.சி.யை (சரக்கு அனுப்பினால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) உள்ளூர் வங்கியில் காட்டினால், அதன் பலத்தில் துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. கிடைக்கும். ஏற்றுமதிக்கான அந்தத் துணியை, தீர்வை கட்டாமலே கிடங்கில் வைத்துத் தைக்கலாம். கைமுதல் குறைவாக இருந்தாலும் ஆலை ஓடியது. மற்ற ஏற்றுமதி நாடுகளின் ஆடைக்குப் பணக்கார நாடுகள் அளவு வரம்பு வைத்ததால் வங்கதேசத்துக்கு ஆர்டர் தேடி வந்ததையும் மறக்கக் கூடாது. இன்று ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைதான்.

சறுக்கியதும் இங்கேதான். தையல் ஆலைக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள். கல்லூரிகள் பெருகின, பட்டதாரிக்கு ஏற்ற தொழில் பெருகவில்லை. அதனால் எல்லோர் கண்ணும் அரசு வேலை மேல் விழுந்தது. அதிலும் 56 சதவீத இடங்கள் விடுதலைப் போராளிகளின் வாரிசுகள் போன்ற சில பிரிவினருக்கான ஒதுக்கீட்டுக்குப் போகும் முறையை நீதிமன்றம் 2024 ஜூனில் மீண்டும் கொண்டுவந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டே வெளியேறினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உயிர் போன பிறகு இதை வெறும் ஒதுக்கீட்டுச் சண்டை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது வேலைப் பஞ்சம்.

ஆகவே மற்ற நாடுகள் வரலாமா என்றால், வரலாம். களப்பணியாளரின் சம்பளத்தையும் மருந்து இருப்பையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். மாத்திரை இரண்டு மாதம் தடைப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண். பிறப்பு குறையத் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை வேலைக்கு வர 18, 20 ஆண்டு இருக்கிறது. அந்தக் குழந்தை எந்த வகுப்புவரை படிக்கும், அந்தப் படிப்புக்கு எந்தத் தொழில் என்பதை அந்த இடைவெளிக்குள்ளேயே திட்டமிட வேண்டும். வங்கதேசம் முதல் தலைமுறைக்குச் செய்ததை இரண்டாம் தலைமுறைக்குச் செய்யவில்லை.