வீட்டுக்கு நாய்க்குட்டி வரும் முன் குழந்தைக்கு எந்த மாதிரிப் படப் புத்தகம் வாசித்துக் காட்டலாம்?

ஐந்து வயது மகளுக்காக நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால் குழந்தையும் குட்டியும் நண்பர்களாகும் படக்கதை ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டும், நிறைய இருக்கிறதே, எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குட்டி பயந்து ஒளிகிற பக்கம் ஒன்றாவது இருக்கிற புத்தகமாக எடுங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். குட்டி வரும், செருப்பைக் கடிக்கும், தொலைந்துபோகும், கிடைக்கும், கடைசிப் பக்கத்தில் இருவரும் கட்டிப்பிடித்துத் தூங்குவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் கதையில் குட்டி வந்ததுமே வாலாட்டிக்கொண்டு மடியில் ஏறிவிட்டால், நிஜக் குட்டி கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும்போது ‘இதுக்கு என்னைப் பிடிக்கல’ என்று பிள்ளை வாடிப்போகும். குட்டியை 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. அப்படி வளர்ந்து வருகிற குட்டியும் அதுவரை கூடப்பிறந்தவற்றின் சூட்டில் ஒட்டிக்கிடந்து தூங்கியதுதானே? முதல் ராத்திரிகளில் அழத்தான் செய்யும்.

நாங்கள் தக்கலைப் பக்கம். எங்கள் வீட்டுக்குக் குட்டி வந்தது ஆனி மாத மழையில். ஓட்டில் மழை கொட்டுகிற சத்தத்துக்கே பயந்து விறகுப்புரைக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. என் மகள் அதை இழுத்து வெளியே எடுக்கவில்லை. நாங்கள் வாசித்திருந்த புத்தகத்தில், ஒரு பையன் தரையில் படுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பார்த்தபடி காத்திருக்கும் படம் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் விரிந்த படம், எழுத்தே கிடையாது. “அது அதுக்க அம்மையைத் தேடுது, நாம இங்க இருந்தாப் போதும்” என்று சொல்லிப் புரை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவித்து முள் எடுத்த சாளைத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தோம். மீன் வாசனைக்குக் குட்டி தானாகவே வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதனால் படங்களை நிதானமாக வாசியுங்கள். இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான், எழுத்தை மட்டும் படித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வால் எங்கே இருக்கிறது, காது பின்னால் மடங்கியிருக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். கழுத்தைக் கட்டிப்பிடிக்கும் படம் வந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். நமக்கு அது பாசம், பல நாய்களுக்கு அது இறுக்கிப் பிடிப்பது. உதட்டை நக்குவதும் தூக்கம் வராமலே கொட்டாவி விடுவதும்கூட ‘என்னை விடு’ என்று நாய் சொல்கிற விதம்.

புத்தகம் சொல்லாத ஒன்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். குட்டியின் பல்லோ நகமோ பட்டால், திட்டு விழும் என்று மறைக்காமல் உடனே வந்து சொல்லப் பழக்குங்கள். சின்னக் கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

புத்தகத்துக்கு முதலில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். 2015 முதல் நடக்கிறது, தமிழிலும் நிறையக் கதைகள் உண்டு, காசு கிடையாது. அச்சில் வேண்டுமென்றால் சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது. போனில் பார்ப்பதைவிட, பிள்ளை தானே பக்கம் திருப்பிப் பார்க்கிற புத்தகம்தான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், அந்தச் செருப்புக் கடி. எல்லாக் கதையிலும் அதைக் குறும்பு என்றே காட்டுகிறார்கள். குட்டிக்கு ஏறக்குறைய 4 மாதத்தில் பால்பல் விழத் தொடங்கும், 28 பல் போய் 42 வரும். ஈறு ஊறுவதால் கண்டதையும் கடிக்கும். உங்கள் மகளுக்கும் இனிப் பல் ஆடுகிற வயசு. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் பல் விழுகிற கதையைத் தமிழில் யாராவது எழுதியிருந்தால் கருத்தில் சொல்லுங்கள், நானும் வாங்க வேண்டும்.