வாசகர் கேள்வி – பதில்: காற்று வேகமானியை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: தோட்டத்தில் வெப்பமானியும் மழைமானியும் வைத்திருக்கிறேன். அடுத்ததாகக் காற்று வேகமானி செய்யப் போகிறேன். கிண்ணங்கள் மூன்று வேண்டுமா, நான்கா? எந்த அளவில்?

பதில்: மூன்று. 1846இல் அயர்லாந்து வானியலாளர் ராபின்சன் வடிவமைத்த கருவியில் நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் இருந்தன. 1926இல் கனடாவின் ஜான் பேட்டர்சன், மூன்று கிண்ணங்கள் இருந்தால் சுழலி இன்னும் சீராகச் சுற்றுகிறது, காற்றின் மாற்றத்துக்கும் விரைவில் ஈடுகொடுக்கிறது என்று காட்டினார். இன்றைய கருவிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் செல்கின்றன.

கிண்ணத்தின் வாய் 5 செ.மீ., நடுத் தண்டிலிருந்து கிண்ணத்தின் மையம் வரை 7 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணங்களைத் தாங்கும் கைகளுக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும். நடுத் தண்டில் பொருந்தும் குடத்தில் (சக்கரத்தின் நடுப்பகுதி போன்றது) 120 டிகிரி இடைவெளியில் துளையிட்டு எப்பாக்ஸிப் பசையால் ஒட்டுங்கள். மேசைப் பந்தை இரண்டாக வெட்டிக் கிண்ணமாக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். சோதனைக்குச் சரி; வெயிலில் நாள்பட நொறுங்கிவிடும். முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், சுமார் 60 டிகிரி வெப்பத்திலேயே இளகும். ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் வெயிலைத் தாங்கும்.

ஒட்டி முடித்ததும் தண்டைப் படுக்கை வசமாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரே கிண்ணம் திரும்பத் திரும்பக் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் எப்பாக்ஸியை ஒரு பொட்டு வைத்துச் சமன் செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் பலத்த காற்றில் கம்பமே அதிரும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

கேள்வி: செய்துவிட்டேன். ஆனால் இலைகள் அசையும் காற்றுக்குக்கூடக் கிண்ணம் அசைவதில்லை. பழைய ஸ்கேட்டிங் சக்கரத்தின் பேரிங்கைத்தான் போட்டிருக்கிறேன்.

பதில்: அதுதான் காரணம். அது 608 வகை. ஆளின் எடையைத் தாங்கச் செய்தது, உள்ளே கெட்டியான கிரீஸ் இருக்கும். சில கிராம் எடையுள்ள சுழலிக்கு 623 (3 மி.மீ. தண்டு) அல்லது 624 (4 மி.மீ.) போதும். இரண்டு பேரிங்குகளை 3 முதல் 4 செ.மீ. இடைவெளியில் வையுங்கள், ஒன்றை மட்டும் போட்டால் தண்டு தள்ளாடும்.

புதிய பேரிங்கானாலும் ஒரு பக்க மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கிரீஸைக் கழுவிக் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். மூடியுள்ள பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும். அதன் மேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் தொப்பி குடைபோல் கவிந்திருந்தால் மழைநீர் தண்டு வழியே இறங்காது. கிரீஸ் இல்லாத பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் விடத்தான் வேண்டும். குறைந்த காற்றில் சுற்ற வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

கேள்வி: பொம்மை மோட்டாரைச் சுற்றவிட்டு அதன் வோல்டேஜை அளந்தால் என்ன? சென்சாரே வேண்டாமே!

பதில்: வேண்டாம். நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும் 3 வோல்ட் மோட்டார், 300 சுற்றில் தருவது ஏறத்தாழ 0.09 வோல்ட். அதோடு உள்ளே இருக்கும் காந்தங்கள் சுழலியைப் பிடித்துப் பிடித்து விடும். மெல்லிய காற்றுக்கு அது நகராது. சுற்றை எண்ணுவது எப்போதும் வோல்டேஜை அளப்பதைவிட நம்பகமானது.

கேள்வி: சுற்றை எண்ண ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் ஸ்விட்ச்) நல்லதா, ஹால் சென்சாரா (காந்தத்தை உணரும் சில்லு)? ஏ3144 என்ற ஹால் சென்சாரை வாங்கி 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரில் (சிறு கணினிச் சில்லில்) இணைத்தேன், ஒரு துடிப்பும் வரவில்லை.

பதில்: பேட்டரியில் ஓடும் நிலையத்துக்கு ரீட் ஸ்விட்ச்: அது தானாக மின்சாரம் எதையும் எடுக்காது. ஆனால் அது அசையும் உறுப்பு. நொடிக்கு 5 முறை மூடினாலே ஒரு நாளில் 4,32,000 முறை. நிரந்தர மின்சாரம் இருந்தால் ஹால் சென்சாரே மேல்.

உங்கள் சிக்கலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஏ3144க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். அதன் வெளியீடு திறந்த கலெக்டர் வகை (தானாக வோல்டேஜ் தராது, கீழே மட்டும் இழுக்கும்) என்பதால், சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு, வெளியீட்டை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே 3.3 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டலாம். மைக்ரோகன்ட்ரோலருக்குத் தீங்கு வராது. இரண்டாவது காரணம் காந்தத்தின் திசை. சென்சாரில் எழுத்து அச்சிட்ட முகத்தை காந்தத்தின் தென்துருவம் பார்க்க வேண்டும். புரட்டி ஒட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். இடைவெளி 3 மி.மீ. இருக்கட்டும்.

சுழலியில் காந்தங்கள் இரண்டை எதிரெதிராக வையுங்கள். எடையும் சமப்படும், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பும் கிடைக்கும்.

கேள்வி: அமைதியான இரவில் திடீரென மணிக்கு 300 கி.மீ. காட்டுகிறது. புயலா, புரோகிராமா?

பதில்: இரண்டும் இல்லை, ஸ்விட்ச் அல்லது வயர். ரீட் ஸ்விட்ச் ஒருமுறை மூடும்போது தகடுகள் துள்ளிப் பல துடிப்புகளைக் கொடுக்கும். ஹால் சென்சாரில் துள்ளல் இல்லை. ஆனால் நீண்ட வயர் அருகிலுள்ள மோட்டாரின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். மைக்ரோகன்ட்ரோலர் முனையில் உள்ளீட்டுக்கும் கிரவுண்ட் இணைப்புக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். முறுக்கிய இணை வயரைப் பயன்படுத்துங்கள்; 10 மீட்டருக்கு மேல் போனால் ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமாகக் குறையுங்கள்.

புரோகிராமில், முந்தைய துடிப்பிலிருந்து 5 மில்லிநொடிக்குள் வருவதைப் புறக்கணியுங்கள். இந்த அளவுள்ள சுழலியில் மணிக்கு 150 கி.மீ. காற்றிலும் துடிப்புகளுக்கு நடுவே சுமார் 14 மில்லிநொடி இருக்கும். உண்மையான துடிப்பு எதுவும் தப்பாது.

கேள்வி: கிண்ணத்தின் வேகத்தை மூன்றால் பெருக்கினால் காற்றின் வேகம் என்று படித்தேன். சரிதானா?

பதில்: அது ராபின்சனின் கணிப்பு. எந்த அளவுக் கருவிக்கும் 3தான் என்று அவர் நம்பினார். பிறகு அது தவறென்று தெரிந்தது. கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து 2 முதல் 3க்குச் சற்று மேல் வரை மாறும். எனவே உங்கள் கருவியை நீங்களே அளவீடு செய்ய வேண்டும்.

காற்றே இல்லாத விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில், காரின் கூரைக்கு 1 மீட்டர் மேலே கருவியை உறுதியாகக் கட்டுங்கள். கூரையை ஒட்டி வைத்தால் அங்கே காற்று கூடுதல் வேகத்தில் பாயும், அளவு கெட்டுவிடும். ஓட்டுபவர் ஓட்டுவதை மட்டும் பார்க்கட்டும். எண்ண வேறொருவர் வேண்டும். காரின் வேகமானியை நம்பாமல் ஜிபிஎஸ் வேகத்தை எடுங்கள். 20, 30, 40, 50 கி.மீ. வேகங்களில் 30 நொடி எண்ணி, அதே சாலையில் திரும்பியும் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுத்தால் மிச்சமிருக்கும் இளங்காற்று கழிந்துபோகும்.

30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 6.5 சுற்று, 50 கி.மீ.யில் 11.3 சுற்று என்று வந்தால், 20 கி.மீ. வித்தியாசத்துக்கு 4.8 சுற்று, ஒரு சுற்றுக்கு 4.17. ஆக, வேகம் = 2.9 + 4.17 × சுற்று. அந்த 2.9 உராய்வின் கணக்கு. வரைபடத்தில் இந்தக் கோட்டைப் பூஜ்யத்தின் வழியே வலிந்து இழுத்தால் மெல்லிய காற்றெல்லாம் குறைவாகவே பதிவாகும். சுற்று பூஜ்யமானால் மட்டும் 0 என்று காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நின்ற கருவியும் 2.9 கி.மீ. காட்டும்.

திரையில் உடனடி வேகம் காட்டுவதால் பயன் குறைவு. 3 நொடிக்கு ஒருமுறை எண்ணி, 10 நிமிடச் சராசரியைக் காற்றின் வேகமாகவும், அதற்குள் வந்த மிக அதிகமான 3 நொடி அளவைத் திடீர்க் காற்று வீச்சாகவும் பதியுங்கள். வானிலை நிலையங்களின் வழக்கமும் அதுவே.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று. அருகிலுள்ள வானிலை நிலையம் சொல்வதில் பாதிகூட என் கருவி காட்டவில்லை.

பதில்: உங்கள் கருவி உண்மையைத்தான் சொல்கிறது, அது நிற்கும் இடத்து உண்மையை. வானிலை நிலையத்தில் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். தடை எதுவும் அதன் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரத்துக்குள் இருக்கக் கூடாது. வெட்டவெளியில் 2 மீட்டர் உயரத்து அளவை 1.26ஆல் பெருக்கினால் 10 மீட்டர் அளவு ஓரளவு கிடைக்கும். மதிலுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள கம்பத்துக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. அங்கே காற்று சுழன்று வருகிறது. இருக்கும் பணத்தைச் சென்சாரில் போடுவதைவிடக் கம்பத்தில் போடுங்கள். உலோகக் கம்பமானால் தரையிணைப்பு கட்டாயம், மின் வயர்கள் அருகே நிறுத்தவே கூடாது. இடி மின்னல் தொடங்கும் முன்பே சென்சார் வயரைக் கழற்றி வையுங்கள்.