‘ஓகே’ சொல்ல வேண்டியவர் யார்?

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தில் டிசைனராக இருந்துவிட்டு, இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். தெரிந்தவர் மூலமாக வந்த கிளையன்ட் ஒருவருக்கு லோகோவும் பேக்கேஜிங்கும் செய்தேன். பழகியவர் என்பதால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ‘சூப்பர், இதையே வைத்துக்கொள்வோம்’ என்றார். அப்புறம் அவருடைய பார்ட்னர் பார்த்துவிட்டு, எல்லாமே வேறு மாதிரி வேண்டும் என்கிறார். ‘சின்னச் சின்னத் திருத்தம்தானே’ என்று வாரக்கணக்கில் இழுக்கிறது. பாதிப் பணம் பாக்கி. இப்போது சோர்ஸ் ஃபைலையும், அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், கேட்கிறார்கள். கொடுக்காமல் வைத்துக்கொள்வது தவறா? ஒப்பந்தம் என்று பேச்செடுத்தால் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்க மாட்டார்களா? டிசைனரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவர்களுக்கு யார்தான் சொல்லித்தருவது?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சொல்லித்தர வேண்டியது நாம்தான். ஒரு தொழில் நடத்துகிறவர் வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் லோகோ செய்யச் சொல்வார். நமக்கு அது அன்றாட வேலை. எந்த இடத்தில் சிக்கும், எதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர் நாம். தெரியாதவர் மரியாதையாக நடக்கவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை. உங்கள் கிளையன்ட் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேலை முறை தெரியாது. அதை அவர்முன் யாரும் வைக்கவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘பார்ட்னர்’. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே வேலை முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: ‘இறுதியாக ஓகே சொல்லப் போவது யார்?’ பார்ட்னர், மனைவி, மார்க்கெட்டிங் பார்க்கும் தம்பி என்று பத்துப் பேர் கருத்துச் சொல்லலாம். அதையெல்லாம் தொகுத்து, முரண்பாடுகளைத் தங்களுக்குள் பேசித் தீர்த்து, ஒரே பட்டியலாக நமக்கு அனுப்ப ஒருவர் வேண்டும். அவர் பெயரை கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். இது இல்லாத வேலையில் நாம் நன்றாகச் செய்தாலும் முடிவு வராது.

அடுத்தது திருத்தம். எத்தனை முறை திருத்தம் என்று மட்டும் எழுதினால் போதாது. எது திருத்தம் என்று எழுத வேண்டும். ஒப்புக்கொண்ட வடிவத்துக்குள் நிறம், அளவு, எழுத்து, இடம் மாற்றினால் அது திருத்தம். ஒப்புக்கொண்ட வடிவத்தையே விட்டுவிட்டு வேறொன்று கேட்டால் அது புது வேலை, அதற்குத் தனித் தொகை. உங்கள் கிளையன்ட்டின் பார்ட்னர் கேட்பது இரண்டாவது வகை. அதை முதல் வகைபோல நீங்கள் பேசாமல் செய்துகொடுத்ததால்தான் அவர்களும் ‘சின்னத் திருத்தம்’ என்கிறார்கள்.

‘கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் உடனே நிறத்தைக் கூட்டாதீர்கள். எங்கே வைத்துப் பார்த்தீர்கள், எது கண்ணில் படவில்லை என்று கேளுங்கள். பெயர் சின்னதாகத் தெரிகிறது என்பதைத்தான் பலர் பளிச்சென்று இல்லை என்பார்கள். பேசி முடித்ததும், ‘நாம் பேசியபடி பெயரை மட்டும் பெரிதாக்குகிறேன், நிறம் அப்படியே இருக்கும், இது இரண்டாவது சுற்று’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அனுப்பும் கோப்புக்குத் தேதியும் எண்ணும் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ என்று பெயர் வைத்தால் எதற்கு ஓகே சொன்னார்கள் என்று பிறகு நிரூபிக்க முடியாது.

பேக்கேஜிங்கில் இன்னொன்றும் உண்டு. கிளையன்ட் தன் மொபைலில் பார்த்து ஓகே சொல்கிற பளீர் ஆரஞ்சு, நான்கு மைகளில் அச்சாகும்போது மங்கித்தான் வரும். திரை ஒளியால் காட்டும் நிறங்கள் பல அந்த மைகளில் கிடைக்கவே கிடைக்காது. இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. திரையில் பார்த்து வடிவத்துக்கு ஓகே, அச்சு மாதிரியைப் பார்த்து நிறத்துக்கு ஓகே என்று பிரித்து வாங்குவது நம் பொறுப்பு.

எழுதிக் கேட்டால் சந்தேகமா என்கிறீர்கள். நியூயார்க் நகரம் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. 2017 மே மாதத்திலிருந்து, அங்கே 800 டாலரும் அதற்கு மேலும் பெறும் ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். பணம் தரும் தேதி எழுதப்படாவிட்டால் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம், வழக்கம் பொருந்தும். ஒரு பக்கம் போதும்: என்ன தருகிறேன், எப்போது தருகிறேன், எத்தனை சுற்று, யார் ஓகே சொல்வார், அட்வான்ஸ் எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு. தெரிந்தவர் என்றால் இன்னும் அவசியம். வெளியாளிடம் சண்டை வந்தால் ஒரு வேலை போகும். இங்கே உறவும் சேர்ந்து போகும்.

நெறி என்பது கிளையன்ட்டுக்கு மட்டும் இல்லை. 1963-இல் லண்டனில் ஐகோகிராடா என்ற பெயரில் தொடங்கிய சர்வதேச டிசைன் அமைப்பின் நடத்தை நெறிகளைப் பார்த்தால் பெரும்பாலும் டிசைனரைக் கட்டுப்படுத்துபவை. கிளையன்ட்டின் திட்டங்களை வெளியே சொல்லக் கூடாது. நேரடிப் போட்டியாளர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அவர்கள் சம்மதமில்லாமல் வேலை செய்யக் கூடாது. அச்சகம் தரும் கமிஷனைக் கிளையன்ட்டுக்குத் தெரியாமல் வாங்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை எனக்கு மிகவும் பிடிக்கும். ‘எல்லாரும் வாங்குகிறார்கள்’ என்று சொல்லப்படுகிற பணம் அது. அதை வாங்கியவர் ‘இந்த அச்சகமே நல்லது’ என்று சொல்வதை யார் நம்புவது? அதேபோல, பயன்படுத்திய எழுத்துருவுக்கும் படங்களுக்கும் யார் பெயரில் லைசென்ஸ், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுங்கள். விட்டுவிட்டால் பிற்பாடு மாட்டிக்கொள்வது கிளையன்ட்தான்.

சோர்ஸ் ஃபைல். நீங்கள் தருவதாக ஒப்புக்கொண்டது அச்சுக்குப் போகும் கோப்புகளையா, திருத்தக்கூடிய மூலக் கோப்புகளையா? அதைப் பேசாவிட்டால் இப்போது பேசுங்கள். மூலக் கோப்பைத் தர மறுப்பதோ தனித் தொகை கேட்பதோ தவறில்லை. ஆனால் லோகோவுக்கு மட்டும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அது இல்லாமல் அவர்களால் ஒரு பலகைகூட எழுத முடியாது. எதுவானாலும் முழுப் பணம் வந்த பிறகு. அவர்கள் பணம் கொடுத்து வாங்கிவிட்ட எதையும் பிணையாகப் பிடித்து வைக்காதீர்கள்.

சரி, இப்போதைய சிக்கலுக்கு. இன்றைக்கே இருவருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

‘இந்தத் தேதியில் நீங்கள் ஒப்புக்கொண்ட வடிவத்தை இணைத்திருக்கிறேன். இதை வைத்துக்கொள்வதானால் ஒரு சுற்றுத் திருத்தம் செய்து, பாக்கி வந்ததும் பேசி முடிவான கோப்புகளைத் தந்துவிடுகிறேன். புது வடிவம் வேண்டுமானால் அதற்கான தொகையும் கால அளவும் கீழே. இரண்டில் எது என்று உங்கள் இருவர் சார்பாகவும் ஒருவர் பதில் எழுதினால் போதும்.’

குற்றச்சாட்டு ஒரு சொல்கூட வேண்டாம். பதில் வரும்வரை எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். இரண்டுக்கும் சம்மதிக்காவிட்டால், இதுவரை செய்த வேலைக்குக் கணக்குப் போட்டு பில் அனுப்புங்கள். பணம் வராதவரை வரைவுகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்றும் அதிலேயே எழுதிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். அவர்கள் வேறு டிசைனரைப் பிடித்து, அவர் உங்களை விசாரித்தால், நிலவரத்தை உள்ளபடி சொல்லுங்கள். அவரும் அந்தப் பார்ட்னரை முதல் நாளே சந்தித்துவிடட்டும்.